கம்பி எட்டாத இடத்திற்கு ஒளி

பெங்களூர் நகரத்திற்கு மின்விளக்கு வந்த வரலாற்றைப் பெரியவர்கள் பெருமையோடு கூறக் கேட்டிருக்கிறோம். 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்நகர வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1902-ல், காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே ஓடிக் கோலார் தங்கவயலின் இயந்திரங்களைச் சுழற்றிற்று. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் தொடங்கப்பெற்ற அவ்வழி, அந்நாளில் உலகிலிருந்த மிக நீண்ட மின்கம்பி வழிகளுள் ஒன்றாகும்.

ஆயினும், கம்பி முடியும் இடத்தில் உழைப்பு முடிந்துவிடுவதில்லை. நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு தண்டவாளம் செப்பனிடுவோர், ஊர்விட்டு ஊர் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர், புயலில் சாய்ந்த மின்கம்பத்தை நிமிர்த்துவோர், விடியுமுன் பூப்பறிப்போர் ஆகிய இவர்கள் யாவரும் கம்பி எட்டாத இடத்தில் உழைப்பவர்கள். நம் சங்கக் குடும்பங்களிலேயே இத்தகைய வேலைக்குச் செல்வோர் பலர் உளர். அவர்கள் கையோடு கொண்டுசெல்லும் ஒளியைப் பற்றி, ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தாவாகிய யான் கண்டும் கேட்டும் கற்றவற்றை இங்கே தொகுத்துரைக்க விழைகிறேன்.

தங்கவயல் கற்பிக்கும் பாடம்

தங்கவயலை விட்டு இப்பொருளைப் பேச இயலாது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பூமிக்கடியில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அத்தொழிலாளரின் மக்களும் பேரர்களும் இன்று மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பங்காருப்பேட்டை வழியாக நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு வருவதைக் காண்கிறோம்.

சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. ஆனால், சுரங்கத் தொழிலாளி எந்நேரமும் நகர்ந்துகொண்டே இருப்பவன். வெடிவைத்துப் பிளந்த பாறை முகத்திற்கெல்லாம் கம்பி அவனைத் தொடர்ந்து வாராது. உலகச் சுரங்கங்கள் அனைத்திலும் இதே இடர்ப்பாடு இருந்தது. முதலில் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் பயன்பட்டன. பின்னர், கார்பைடு கல்லில் நீர் சொட்டினால் எழும் வாயுவை எரிக்கும் விளக்கு வந்தது. இவை யாவும் நெருப்பு. எரியக்கூடிய வாயு திரண்டுள்ள சுரங்கத்தில் நெருப்பைக் கொண்டு நுழைவது எமனை உடன் அழைத்துச் செல்வதேயாகும்.

1914-ஐ ஒட்டி அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் இதற்கு ஒரு வழி கண்டார். பாட்டரியை இடுப்புக் கச்சையில் பொருத்தி, அதிலிருந்து ஒரு கம்பியை முதுகு வழியே மேலேற்றித் தொப்பியில் விளக்கை மாட்டினார். கந்தக அமிலம் சிந்தினால் உடல் வெந்துவிடும் என்பதால், அமிலமில்லாத நிக்கல்-இரும்புப் பாட்டரியை அதற்குப் பயன்படுத்தினார். இருகையும் வேலைக்கு விடுதலை பெற்றன. பார்க்கும் திசைக்கு ஒளியும் உடன் திரும்பிற்று. இன்று நாம் கடையில் வாங்கும் தலைவிளக்கு அதன் வழிவந்ததே.

சுரங்கங்களில் 'விளக்கு அறை' என்று ஓர் அறை உண்டு. தொழிலாளி தன் எண் பொறித்த வில்லையைக் கொடுத்து விளக்கைப் பெற்று இறங்குவான். ஏறி வந்ததும் விளக்கைத் திருப்பிக் கொடுப்பான். ஷிப்டு முடிந்த பின்னும் ஒரு மாடம் காலியாக இருந்தால், ஒரு மனிதன் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். விளக்கைக் கணக்கிடுவதே ஆளைக் கணக்கிடுவதாக அமைந்த இவ்வழக்கம் எண்ணுந்தோறும் உள்ளத்தைத் தொடுகிறது.

இரைச்சல் என்னும் பகை

"ஜெனரேட்டர் இருக்கையில் பாட்டரி எதற்கு?" என்று சிலர் வினவலாம். இதற்கு விடை நம் மாநிலத்து மலைப்பாதையிலேயே உள்ளது.

பெங்களூரிலிருந்து மங்களூர் செல்லும் வழியில், சக்லேஷ்பூருக்கும் சுப்பிரமணியா ரோடு நிலையத்திற்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் மலைச்சரிவு. ஐம்பதடி சென்றால் ஓரடி ஏறும் ஏற்றமும், 50-க்கு மேற்பட்ட சுரங்கப்பாதைகளும் கொண்ட வழி அது. அங்குப் பல இடங்களுக்கு இருப்புப்பாதை ஒன்றே பாதை. 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலை இறுதியிலும் பெருமழையால் மண்சரிந்து அங்கே ரயில் போக்குவரத்து நின்றது. அத்தகைய வேளையில் இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைத்தால்தான் வழி திறக்கும்.

கேங்மேன் என்று பழைய பெயரால் நாம் அழைக்கும் இருப்புப்பாதைத் தொழிலாளர் ஒருவர், ஜோலார்ப்பேட்டைப் பக்கத்து ஊரினர், தம் அனுபவத்தை என்னிடம் ஒருமுறை இவ்வாறு சொன்னார்: "தம்பி, வெளிச்சம் போனா வேலை நிக்கும், அவ்வளவுதான். சத்தம் கேக்காம போனாத்தான் ஆளே போயிடுவான்."

அச்சொல்லில் அடங்கிய பொருள் பெரிது. வண்டி வருகிறது என்று காவல் நிற்பவர் ஊதும் ஊதலும், எஞ்சினின் கூவலும், மேலிருந்து கல் உருளும் ஓசையும் தொழிலாளியின் காதில் விழ வேண்டும். பக்கத்திலே ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தால் இவற்றுள் எதுவும் விழாது. பாட்டரி விளக்கோ ஓசையின்றி எரிகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் கொடியது. பெட்ரோலோ டீசலோ எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய கொட்டகையிலும் சுரங்கப்பாதையின் உள்ளும் ஜெனரேட்டரை ஓட்டினால், மயக்கம் வருவதற்கு முன் யாரும் அதனை அறியார். பெரிய வேலைக்கு ஜெனரேட்டர் வேண்டியிருக்கலாம். அது திறந்த வெளியில், தொலைவில், காற்றடிக்கும் திசை பார்த்து நிற்க வேண்டும். கைக்கு அருகில் எரியும் விளக்கு பாட்டரியில் எரிவதே நன்று.

இன்று இது கைகூடியது எவ்வாறு?

முற்காலத்தில் பாட்டரியால் பேரொளி தர இயலாமற்போனதற்குக் காரணம் பாட்டரி மட்டுமன்று. விளக்கே பெருந்தீனிக்காரனாக இருந்தது. கல்யாண ஊர்வலத்தில் தலைமேல் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு நெடுங்காலம் அரசோச்சியதும் இதனாலேயே. ஒளியை அளக்கும் அளவைக்கு லூமென் என்று பெயர். பழைய குண்டு பல்பு ஒரு வாட் மின்சாரத்தை உண்டு 13 லூமென் அளவே ஒளி தந்தது, எஞ்சியதெல்லாம் வெப்பமாயிற்று. ஹாலோஜன் விளக்கு 20 லூமென் அளவு தரும். இன்றைய எல்.இ.டி. விளக்கோ ஒரு வாட்டுக்கு 100 லூமென் எளிதில் தருகிறது. ஆகவே, 500 வாட் ஹாலோஜன் விளக்கு செய்த வேலையை 100 வாட் எல்.இ.டி. செய்துவிடும். இதற்கு வழிவகுத்த நீலநிற எல்.இ.டி.யைக் கண்ட ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவர்க்கு 2014-ல் நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது.

நம் நகரத்திலும் இத்துறையில் நல்ல பணி நடைபெற்றிருக்கிறது. 1995-ல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற செல்கோ நிறுவனம், சூரிய ஒளியால் எரியும் விளக்குகளை எளியோர் இல்லங்களுக்குக் கொண்டுசென்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவராகிய ஹரீஷ் ஹாண்டே 2011-ல் ராமன் மகசேசே விருது பெற்றார். சத்தியமங்கலத்திலும் மதுரையைச் சூழ்ந்த ஊர்களிலும் மல்லிகை மொட்டுப் பறிக்கும் பெண்டிர் விடியுமுன் நெற்றியில் சிறு விளக்கைக் கட்டிக்கொண்டு செடியிடையே செல்கின்றனர். மொட்டும் தெரிகிறது, காலடியில் பாம்பு கிடந்தால் அதுவும் தெரிகிறது.

சட்டியில் இருந்தால்தானே!

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பழமொழி. பாட்டரிக்கு இதனினும் பொருத்தமான மொழி வேறில்லை. சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அறியும் கணக்கு மிக எளிது.

பாட்டரியின் மேல் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்குக: 1200 வாட்-மணி. 100 வாட் விளக்கை 12 மணி நேரம் எரிக்கலாம் என்று காகிதம் சொல்லும். ஆனால், ஈயப் பாட்டரியின் சரக்கில் பாதியை மட்டும் எடுப்பதே அறிவுடைமை. அடிவரை வழித்தெடுக்குந்தோறும் அதன் ஆயுள் குறையும். ஆதலின் 6 மணி நேரமே நம் கணக்கு.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 8 மணி நேரம் 100 வாட் விளக்கு எரிய வேண்டுமானால், 800 வாட்-மணி தேவை. ஈயப் பாட்டரியில் இதன் இருமடங்காகிய 1600 வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணிப் பாட்டரி 1800 உடையது, அதுவே போதும். அதே விளக்கு பழைய ஹாலோஜனாக, 500 வாட்டாக இருந்தால் 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு வேகமாக இழுத்தால், எழுதியிருக்கும் அளவையும் பாட்டரி தராது. ஜெர்மானியராகிய பாய்கெர்ட் என்பார் 1897-லேயே இவ்வுண்மையை விதியாக வகுத்தார். மெல்ல இறைத்தால் மிகுதியாகச் சுரக்கும் ஊற்றுப் போன்றது அது.

பாட்டரியிலும் இனம் உண்டு. லாரியிலும் காரிலும் இருப்பது எஞ்சினைக் கிளப்பும் பாட்டரி. சில விநாடி பெருவிசை தருவதற்கென்றே மெல்லிய தகடுகளால் செய்யப்பெற்றது. இரவெல்லாம் விளக்கெரிக்க அது ஏற்றதன்று. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் நாடெங்கும் சென்று தோண்டுவதை அறிவோம். அவ்வண்டி ஒன்றில் வேலை செய்த அன்பர் ஒருவர் கூறியது: எஞ்சினை நிறுத்திவிட்டு லாரியின் பாட்டரியிலேயே இரவு முழுதும் விளக்கெரித்தார்களாம். விடிந்ததும் லாரி கிளம்பவில்லை. உதவி தேடி இரண்டு மைல் நடந்தார்களாம். விளக்குக்குத் தனிப் பாட்டரி வேண்டும். வீட்டு யு.பி.எஸ்.ஸில் உள்ள டியூபுலர் பாட்டரி தடித்த தகடுடையது. மெல்ல மெல்லக் கொடுத்து நெடுநேரம் தாங்கும்.

இப்போது லித்தியம் பாட்டரியும் வந்துள்ளது. 1859-ல் பிளாந்தே என்னும் பிரெஞ்சுக்காரர் ஈயப் பாட்டரியைக் கண்டார். லித்தியம்-அயனி வகையை வளர்த்த மூவர்க்கு 2019-ல் நோபெல் பரிசு வந்தது. இவ்வேலைக்குத் தக்கது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வகை. அதில் 100-க்கு 80 பங்கு எடுக்கலாம். ஆகவே 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியே மேற்கூறிய 8 மணி வேலையைச் செய்துவிடும். எடையோ ஏறத்தாழ 12 கிலோ. ஈயத்தில் அதே வேலைக்கு ஏறத்தாழ 50 கிலோ சுமக்க வேண்டும். சரளைக்கல் மீது இரண்டு மைல் தோளில் தூக்கிச் செல்பவனுக்கு இவ்வேற்றுமை விலைப்பட்டியலில் உள்ள வேற்றுமையை விடப் பெரிது.

விலை மலிவைக் கண்டு மயங்கலாகாது. கைவிளக்கில் இடும் 18650 என்னும் லித்தியம் செல், 18 மில்லிமீட்டர் பருமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அதன் மேல் 9900 மில்லி-ஆம்பியர்-மணி என்று அச்சிட்டு விற்பவர் உளர். அச்சிறு உருவில் உண்மையாக அடங்குவது 3500 அளவே. எழுத்துப் பெரிதாக இருந்தால் சரக்குப் பெருகிவிடாது.

வழியில் ஒழுகும் மின்சாரம்

நல்ல பாட்டரியும் நல்ல விளக்கும் இருந்தும் ஒளி மங்குவதுண்டு. குற்றம் நடுவில் உள்ள கம்பியினுடையது. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 20 மீட்டர் தொலைவில் 100 வாட் விளக்கை, 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியால் இணைத்தால், போக 20, வர 20, ஆக 40 மீட்டர் கம்பியில் ஏறத்தாழ 4 வோல்ட் தொலைந்துபோம். மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே ஒழுகிற்று! வீட்டில் 230 வோல்ட்டுக்குப் போதுமான கம்பி 12 வோல்ட்டுக்குப் போதாமை இதனால்தான்.

இதற்கு மூன்று பரிகாரம் உண்டு. பாட்டரியை விளக்கின் காலடியிலேயே வைக்கலாம். 4 சதுர மில்லிமீட்டர் தடித்த கம்பி இடலாம். அன்றி இரு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக்கி, 24 வோல்ட் விளக்கையே பயன்படுத்தலாம். வோல்ட் இருமடங்கானால் ஆம்பியர் பாதியாகும். இழப்பின் பங்கு நாலில் ஒன்றாகும். பழைய முறை ரயில் பெட்டிகளின் அடியில் தொங்கும் பாட்டரிகளை 110 வோல்ட்டாக இணைத்திருப்பதிலும் இந்நயம் உண்டு.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக்குவோரும் உளர். அதில் பத்தில் ஒரு பங்கோ மேலுமோ வீணாகும். அன்றியும், ஈரத் தரையில் அறுந்த 230 வோல்ட் கம்பி உயிர் கொல்லும். மழையிடத்தில் நேரே பாட்டரியில் எரியும் விளக்கே மேல்.

ஆனால், 12 வோல்ட் தானே என்று பாட்டரியை விளையாட்டாகக் கொள்ளற்க. அதன் இருமுனையும் ஒரு ஸ்பேனரால் தொட்டுக்கொண்டால் அக்கணமே பல நூறு ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காயும். கையில் மோதிரம் இருந்தால் விரல் வெந்துவிடும். ஆதலின் நேர்முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் இருத்தல் வேண்டும். ஈயப் பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு எழும். அருகில் பீடி பற்றவைத்தல் கூடாது. நீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுக.

சூரியத் தகட்டால் சார்ஜ் செய்வோர் ஒன்று நினைவிற் கொள்க. பெங்களூர் வெயிலில், நாளொன்றுக்கு முழு வெயில் 5 மணி என்று கொண்டால், 200 வாட் தகடு 1000 வாட்-மணி தரும்; இழப்பு நீங்க, 8 மணி வேலைக்குப் போதும். மலைநாட்டு ஆடிமழையிலோ அதில் பாதியும் கிட்டாது. அங்கே நிரப்பிய இரண்டாம் பாட்டரியைச் சுமந்து செல்வதே வழி.

ஒளியை வைக்கும் முறை

ஒரே பெருவிளக்கைக் காட்டிலும் இருபுறமும் நிற்கும் இரு சிறுவிளக்கு நன்று. ஒரு விளக்கின் முன் தன் நிழலிலேயே தான் வேலை செய்ய நேரும்; கைவிரல் அந்நிழலில்தான் நசுங்கும். விளக்கு தலைக்கு மேல் உயர்ந்து, கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இருப்புப்பாதை அருகே வைக்கும் விளக்கு வண்டியோட்டுநரின் கண்ணை நோக்கியிருத்தல் ஒருபோதும் ஆகாது. பூச்சி மொய்க்கும் இடத்தில் மஞ்சள் சாயலுள்ள ஒளி நன்று. வெள்ளொளிக்கு வருமளவு பூச்சி அதற்கு வருவதில்லை.

இரண்டாம் விளக்கு

இவை அனைத்தினும் மேலான ஒன்றை இறுதியாகக் கூறுவேன். பழைய குண்டு பல்பு, ஈயப் பாட்டரி தளரத் தளரத் தானும் மஞ்சளித்து மங்கி, "நான் போகப் போகிறேன்" என்று முன்னறிவிப்புத் தந்தது. இன்றைய லித்தியம் பாட்டரி அவ்வாறன்று. கடைசி வரை ஒரே ஒளியாக எரிந்து, எல்லை வந்ததும் தன்னைக் காத்துக்கொள்ளச் சட்டென்று அறுத்துக்கொள்ளும். ஒரு நொடி பட்டப்பகல், மறுநொடி காரிருள். கண் இருளுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். அச்சில நிமிடத்தில் பள்ளத்தின் விளிம்பிலோ தண்டவாளத்தின் நடுவிலோ நிற்பவன் கதி என்னாவது?

ஆகவே, வேலைக்கு ஒரு விளக்கு, வெளியேறுவதற்கு ஒரு விளக்கு என ஒவ்வொருவரிடமும் இரண்டு இருத்தல் வேண்டும். இரண்டாவது சிறு தலைவிளக்காகவே இருக்கட்டும். பெரிய விளக்கோடு சேராத தனிப் பாட்டரியில் அது எரியட்டும்.

தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் வீட்டவர் இரவு வேலைக்குப் புறப்படும்போது சோற்றுப் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அவற்றோடு மூன்று வினாக்களும் கேளுங்கள். வேலையிடத்தில் விளக்கு எதில் எரிகிறது? எத்தனை மணி தாங்கும்? அது நின்றுவிட்டால் கையில் வேறு ஒளி உண்டா? மேஸ்திரியிடமும் கான்ட்ராக்டரிடமும் இவ்வினாக்களைக் கேட்க நம்மவர் கூசுதல் வேண்டா. சாரக்கட்டுக்குக் கயிறும் தலைக்குத் தொப்பியும் கேட்பது போல, இருளுக்கு ஒளி கேட்பதும் உழைப்பவன் உரிமையே.

விளக்கேற்றிய வீட்டை மங்கலம் என்போம். வீட்டிற்காக உழைக்கச் சென்றவன் நிற்கும் இடத்திலும் அவ்விளக்கு எரிய வேண்டுமன்றோ?